பால்டிமோர் கோட்டையும் அபியின் சப்பாத்தும்

பெட்டியில் முதலில் போனது காயச் சாமான்கள்தான். பிள்ளை பெற்ற உடம்புக்கு அரைத்துக் கொடுக்கும் சுக்கு, மிளகு, திப்பிலி, மஞ்சள், பெருங்காயம் எல்லாவற்றையும் மாமி தனித்தனிப் பைகளில் கட்டி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதித் தந்தார். கடைசியாக ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உள்ளே செத்தல் மிளகாய், கடுகு, கல்லுப்பு.

"இது சமைக்கிறதுக்கு இல்ல" என்றார் மாமி. எதற்கென்று எனக்குத் தெரியும். என் மகள் அபிக்குக் கண்ணூறு கழியச் சுத்திப் போட.

என் கணவரின் தங்கை சுகந்தி அமெரிக்காவில் பால்டிமோர் என்ற துறைமுக நகரத்தில் இருக்கிறாள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பெற்ற தாய்தான் போய்ப் பத்தியம் பார்க்க வேண்டும். ஆனால் மாமியின் முழங்கால் மாத்தளைக் கோவில் படியையே ஏறமாட்டேன் என்கிறது. எனக்கோ ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறை. ஆகவே அண்ணி என்ற முறையில் நான். ஐந்து வயது அபியை விட்டுவிட்டுப் போகலாமா, கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். விட்டுப் போனால் அழுவாள். கூட்டிப் போனால் பயப்படுவாள். கூட்டிக்கொண்டுதான் போனேன். அது சரியா என்று விமானம் ஏறிய பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அபி கறுப்புப் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு விமானம் ஏறினாள். அதோடு தூங்கினாள். இடையில் மாறிய விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் கழற்றச் சொன்னபோது, அபி அழவில்லை, சத்தம் போடவில்லை. இரண்டு கையாலும் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். அந்தப் பெண் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, சப்பாத்து காலில் இருக்கும்போதே ஒரு கருவியால் தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். பெயர் தெரியாத அவளுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகை மழையில், இரத்தோட்டைக்கு மேலே எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மலை இறங்கியது. விடியற்காலை, எல்லாரும் தூக்கம். முதலில் கேட்டது அபிக்குத்தான். "அம்மா, பின்னால லொறி வருது" என்று என்னை உலுக்கினாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாதையே கிடையாது. வெறுங்காலோடு ஓடினோம். அடுப்போடு குசினி போனது. மண் சாமியறைச் சுவர் வரை வந்து நின்றது. மேலே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், அப்படி நிற்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இப்போது மாத்தளை டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பின்னால் மலை இல்லை, ஒரு பேக்கரிதான் இருக்கிறது. ஆனாலும் அன்றிலிருந்து அபி இரவில் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். அப்போதும் அது கண்ணில் படும்படி குளியலறை ஜன்னலில் இருக்க வேண்டும். டாக்டர் கொஞ்ச காலம் விடச் சொன்னார். கோவிலில் தண்ணீர் தெளித்துக் கயிறு கட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆயிஷா லாத்தா தண்ணீர் ஓதிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் எல்லாவற்றையும் நம்பினேன், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் நாங்கள் ஒன்றை மட்டும் பெருமையாகச் சொன்னோம்: பிள்ளைதான் எழுப்புச்சு, பிள்ளை எழுப்பலன்னா இன்னைக்கு நாங்க இல்ல. அதைச் சொல்லாத நாள் இல்லை.

சுகந்தியின் வீடு மூன்றாவது மாடியில். செங்கல் கட்டடம். முன்பு டப்பாவில் உணவு அடைக்கும் தொழிற்சாலையாக இருந்ததாம். தெரு முழுக்க வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கின்றன. லயம் மாதிரி என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஒவ்வொரு வாசலுக்கும் வெள்ளைக் கல்லில் படி, படியில் பூச்சட்டி. இப்படியும் ஒரு லயம் கட்டியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

அபி குழந்தையைப் பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனாள்.

"அத்தை, இங்க மலை எங்க இருக்கு?"

"இங்க மலையே இல்ல செல்லம். கடல்தான்" என்றாள் சுகந்தி.

அபி கொஞ்சம் யோசித்தாள். "கடல் வருமா?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைத் திறந்து திப்பிலியைத் தேடினேன்.

அடுத்த ஒரு வாரம் நான் நகரத்தைப் பார்க்கவில்லை. அம்மி இல்லாமல் காயம் அரைப்பதெப்படி, முருங்கைக்கீரைக்குப் பதிலாக எதைப் போடுவது, ஏர்கண்டிஷன் குளிரில் குழந்தையை எப்படி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, இதுதான் என் அமெரிக்கா. சுகந்தி ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். நான் உருட்டிக் கொடுத்த காய உருண்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். "அண்ணி, இதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு எங்க டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்பாள். "மாத்தளைன்னு சொல்லு" என்பேன். அவளுக்குச் சிரித்தால் தையல் வலிக்கும். அதனால் நான் அதிகம் பகிடி விடவில்லை.

கீழே மூலைக்கடைக்குப் போய்வர மட்டும் பழகியிருந்தேன். கடைக்காரப் பெண்மணி என்னை "ஹன்" என்றார். எனக்குப் பின்னால் நின்ற தாடிக்காரரையும் "ஹன்" என்றார். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், நாம் கண்ணு, ராசா என்பதுபோல. என்னை யாரும் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தேவையில்லாமல் அடுத்த நாளும் அந்தக் கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கினேன்.

சுகந்தியின் கணவர் பிரபா ஒருநாள் அவித்த நண்டு வாங்கிவந்தார். மேசையில் கடதாசி விரித்து நண்டைக் குவித்து, ஆளுக்கொரு மரச்சுத்தியல் கொடுத்தார். ஓட்டின் மேல் அப்பியிருந்த தூளை நக்கிப் பார்த்தேன். மிளகு, கடுகு, கொஞ்சம் சாதிக்காய்கூட இருந்ததோ என்னவோ. எங்கள் ஊர் மிளகு உலகத்தைச் சுற்றி வந்து இந்த நண்டின் முதுகில் ஏறியிருக்கலாம். மாத்தளைக்குக் கடல் இல்லை. திருகோணமலை மீன் லொறியில் ஐஸ்கட்டியோடு வரும்போது அதன் கண் சிவந்திருக்கும். இப்படி ருசியான நண்டை நான் தின்றதில்லை. ஆனால் முதல் சுத்தியல் அடிக்கே அபி மேசைக்கு அடியில் போய்விட்டாள். நாங்கள் மிச்ச நண்டைச் சத்தமில்லாமல் கையால் பிய்த்துத் தின்றோம்.

இரண்டாவது சனிக்கிழமை சுகந்தி என்னை வீட்டிலிருந்து விரட்டினாள். "நீங்க வரலாறு டீச்சர். இங்க ஒரு கோட்டை இருக்கு. பாக்காம போனா உங்க வகுப்புப் பிள்ளைங்களே சிரிப்பாங்க. பிரபா இன்னைக்கு வீட்டுல இருக்காரு. போங்க."

கோட்டையில் சனி, ஞாயிறு பகல்களில் பழைய காலத்து உடை போட்டவர்கள் பீரங்கி வெடித்துக் காட்டுவார்களாம். அந்த நேரத்தைப் பிரபாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். வெடி முடிந்த பிறகு போய்ச் சேருவதுபோலக் கிளம்பினேன். எல்லாம் சரியாகத்தான் திட்டமிட்டேன். பஸ்தான் காலை வாரியது.

அந்த வழியில் கட்டணமில்லாத பஸ் ஓடுகிறது. ஏறியதும் டிரைவரிடம் கோட்டையில் இறக்கிவிடச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இரத்தோட்டை பஸ்ஸில் கொண்டக்டரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், தூங்கிவிட்டால்கூட எழுப்பி இறக்குவார், பையையும் தூக்கித் தருவார். நான் அந்த நம்பிக்கையில் உட்கார்ந்திருந்தேன். இங்கே கொண்டக்டரே கிடையாது. இறங்க வேண்டியவர்தான் மணிக் கயிற்றை இழுக்க வேண்டும். பஸ் கோட்டையைத் தாண்டி, வளைந்து, மறுபடி நகரத்துக்குள் போனது. "நீங்க இழுக்கலையே" என்றார் டிரைவர், கோபமில்லாமல். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல ஹன், இன்னொரு சுத்து சுத்துவோம்" என்றார்.

அந்த இன்னொரு சுற்றில் நேரம் தவறிவிட்டது. வெடிக்கும் நேரத்தை நான் முற்பகல் என்று எழுதிக்கொண்டதும் தவறு. உண்மையில் அது பிற்பகல், சரியாக நாங்கள் உள்ளே நுழைந்த நேரம். நட்சத்திர வடிவக் கோட்டையின் வளைவு வாசலில் கால் வைக்கிறோம், காது அடைக்க ஒரு சத்தம். குபுகுபுவென்று வெள்ளைப் புகை. ஆட்கள் கைதட்டினார்கள்.

அபி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை என் வயிற்றில் புதைத்தபடி கேட்டாள்.

"மண் வருதா?"

நான் என்னையே திட்டிக்கொண்டேன். ஏன் வந்தேன், ஏன் நேரத்தை இரண்டு தடவை கேட்கவில்லை. "வரல, வராது" என்று அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே திரும்பினேன். ஆனால் அவள் இறங்கினாள். வாசலுக்குப் பக்கத்தில் நின்று, புகை போகும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண் வரவில்லை. புல்தான் இருந்தது.

படைவீரன் உடையில் ஒருவர் எங்களிடம் வந்தார். கிட்ட வந்ததும்தான் பெண் என்று தெரிந்தது. நீலச் சட்டை, உயரத் தொப்பி, மூக்குக் கண்ணாடி. கல்லூரியில் படிக்கிறாராம், விடுமுறைக்கு இங்கே வேலை. பிள்ளையைப் பயமுறுத்திவிட்டோமா என்று வருத்தப்பட்டார். அபிக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்றோ என்னவோ, கோட்டையைத் தானே கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் அபிக்குத் தமிழில் சொன்னேன்.

1814ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிரித்தானியக் கப்பல்கள் இந்தத் துறைமுகத்தைப் பிடிக்க வந்தன. அதற்குச் சற்று முன்னர்தான் அவர்கள் அமெரிக்கத் தலைநகரத்துக்குத் தீ வைத்திருந்தார்கள். பால்டிமோர்க்காரர்களுக்கு அடுத்தது தாங்கள்தான் என்று தெரியும். ஊரே மண்வெட்டியோடு போய் மேட்டில் அகழி வெட்டியது. துறைமுக வாயில் வழியாகக் கப்பல் நுழையாமலிருக்கத் தங்கள் சொந்த வியாபாரக் கப்பல்களையே தண்ணீரில் மூழ்கடித்தார்கள். ஒரு விதவைத் தாய் தன் மகளையும் வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு, தூரத்துக் கப்பலுக்கும் தெரியட்டுமென்று மிகப்பெரிய கொடி ஒன்றை முன்கூட்டியே தைத்துக் கொடுத்திருந்தாள். வீட்டில் விரிக்க இடம் போதாமல் பக்கத்தில் பியர் வடிக்கும் கட்டடத்துத் தரையில் விரித்துத் தைத்தார்களாம். கப்பல்கள் கோட்டைப் பீரங்கிக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, இருபத்தைந்து மணி நேரம் குண்டு போட்டன. கொட்டும் மழை. ஊர் மக்கள் கூரைமேல் நின்று பார்த்தார்கள். விடிந்தபோது கொடி இருந்தது. கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன.

வரலாறு டீச்சரான என் மனம் இந்த இடத்தில் வேறு வழியில் ஓடியது. பிரித்தானியர் இங்கே தோற்றுப்போய் ஆறு மாதத்துக்குள் கண்டியைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் மாத்தளையிலும் ஒரு கோட்டை கட்டினார்கள். அதன் வாசல் மட்டும்தான் இன்று நிற்கிறது, உள்ளே கல்லறைகள். பிறகு மலையை வெட்டிக் கோப்பி நட்டார்கள், அதற்கு எங்கள் முன்னோரைக் கூட்டிவந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மலையும் அப்படி வெட்டப்பட்டதுதான். எங்களிடம் மூழ்கடிக்கக் கப்பல் இருக்கவில்லை. இதையெல்லாம் அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் சொல்லலாமா என்று நினைத்து, விருந்தாளி வீட்டில் குறை சொல்வதுபோல இருக்குமென்று விட்டுவிட்டேன்.

வெடிமருந்து வைக்கும் அறையைக் காட்டினார். ஒரு குண்டு அதன்மேலேயே விழுந்ததாம், ஆனால் வெடிக்கவில்லையாம்.

"ஏன் வெடிக்கல?" என்றாள் அபி.

மழையாக இருக்கலாம், திரி அணைந்திருக்கலாம், அதிர்ஷ்டமாக இருக்கலாம், யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார் அந்தப் பெண். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. சாமியறைச் சுவரில் மண் ஏன் நின்றது என்று கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன்.

மதில்மேல் ஓரிடத்தைக் காட்டினார். அங்கே இரவு பகல் ஒருவன் காவல் நிற்பான். அடுத்தவன் வந்து தோளைத் தொட்டு இடத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவன் போய்ப் படுக்கலாம்.

"அடுத்த ஆள் வரலன்னா?" என்று அபி கேட்டாள். வரும்வரை நிற்கத்தான் வேண்டும் என்று பதில் வந்தது. ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டவள்போல அபி தலையாட்டினாள்.

"அவங்க சப்பாத்தோடயா படுப்பாங்க?"

நான் தயங்கித்தான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். காவல் முறையில் இருக்கிறவன் கழற்றமாட்டான், முறை முடிந்தவன் கழற்றலாம் என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது என்றார். பிறகு அபியின் கறுப்புச் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவளிடமே ஏதோ கேட்டார். அது ஒரு சின்னப் பகிடி. அபிக்குப் புரியவில்லை. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மாலை கொடியை இறக்கும்போது பார்வையாளர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பெரிய கொடி நிலத்தில் படக்கூடாது. ஆகவே இரண்டு வரிசையாக நின்று ஆளுக்கொரு பிடி பிடிக்க வேண்டும். தேர் வடம் பிடிப்பதுபோல யார் எவரென்று பாராமல் எல்லாரும் நின்றோம். அபி என் முழங்கை உயரத்தில் நின்று ஓர் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். திரும்பும் பஸ்ஸில் கயிற்றை அவள்தான் இழுத்தாள். இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இழுத்துவிட்டாள். மிச்சத்தை நடந்தோம்.

அன்றிரவும் சப்பாத்தோடுதான் படுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமி வீடியோவில் வந்தார். பீரங்கிக் கதையைக் கேட்டு மாமியின் முகம் மாறிவிட்டது. "பயந்த பிள்ளைய வெடிச் சத்தத்துக்குக் கொண்டு போயிருக்கியே. அந்தப் பொட்டலத்தப் போட்டியா இல்லியா?" போடவில்லை. இங்கே எப்படி என்று கூச்சம். "ஞாயித்துக்கிழமைதான், அந்தி நேரத்துல போடு" என்றார். மாமி சொன்னதைச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்தியில் அபியைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, மிளகாய், கடுகு, உப்பைக் கையில் பொத்தி மூன்று தரம் சுற்றினேன். ஊரிலென்றால் அடுப்புத் தணலில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடலாம். இங்கே மின்னடுப்பு. இரும்புச் சட்டியை நன்றாகச் சூடாக்கி அதில் போட்டேன். கடுகு வெடித்தது. மிளகாய் கறுத்தது. நெடி மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, அறையை நிறைத்தது. ஜன்னலைத் தள்ளினேன். அது நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்காத ஜன்னல்.

அப்போதுதான் கூரையிலிருந்த புகை மணி அலறியது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, கட்டடம் முழுவதும். சுகந்தி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு இருமியபடி ஓடிவந்தாள். "அண்ணி, என்ன எரிச்சீங்க" என்றவள் சட்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டுப் படியிறங்கச் சொன்னாள். நான் இன்னும் ஜன்னலையே தள்ளிக்கொண்டிருந்தேன். அபிதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா" என்றாள், அமைதியாக. மூன்று மாடியும் அவள்தான் என்னை இறக்கினாள்.

கீழே தெருவில் கட்டடமே நின்றது. தலைமுடிக்குச் சாயம் பூசி வெள்ளித்தாள் சுற்றியிருந்த ஒரு பெண்மணி. துவாயோடு ஒருவர். அரைவேக்காட்டு முட்டை இருந்த சட்டியைக் கையிலேயே கொண்டுவந்திருந்த ஒரு வாலிபர். சுகந்தி வெறுங்காலோடு. நான் வெறுங்காலோடு. மூன்று வாரக் குழந்தை மட்டும் எதுவும் தெரியாமல் தூங்கியது. அபி வரிசையாக எல்லாருடைய காலையும் பார்த்துக்கொண்டே போனாள்.

"யாருமே சப்பாத்து போடல" என்றாள் என்னிடம்.

வெள்ளித்தாள் பெண்மணி அவளைப் பார்த்துச் சொன்னார், இந்தக் கட்டடத்திலேயே தயாராக இருந்தவள் நீ ஒருத்திதான் ஹன். எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பாராட்டு எனக்கு எங்கோ தைத்தது. எங்கோ கேட்ட பாராட்டு.

தீயணைப்பு வண்டி வந்தது. மேலே போய் இறங்கிவந்தவரும் இருமிக்கொண்டே வந்தார். மூன்றாம் மாடியில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார். சமைக்கவில்லை, பிள்ளைக்குப் பயம் போக மிளகாய் எரித்தோம், எங்கள் ஊர் வழக்கம் என்று உண்மையைச் சொன்னேன். சுகந்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேலை செஞ்சுதா?" என்றார் அவர்.

"இன்னும் தெரியல" என்றேன்.

அடுத்த தடவை வெளியே வைத்து எரிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். எல்லாரும் திரும்ப மேலே ஏறினோம். அபி முதலில் ஓடினாள். வீட்டுக்குள் போய் ஒவ்வொரு சுவரையும் கையால் தொட்டாள். குசினி இருந்தது. கட்டில் இருந்தது. குழந்தையின் தொட்டில் இருந்தது.

மாமிக்குச் சொல்லியாக வேண்டும். கண்ணூறு இருந்தால் மிளகாய் எரித்தாலும் நெடி வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"நெடி வந்துச்சா?" என்றார்.

"மூணு மாடிக்கும் வந்துச்சு மாமி."

"அப்ப கண்ணூறு இல்ல. பிள்ளைக்கு வேற என்னமோ" என்றார்.

வேறு என்ன என்று யோசித்தபடி படுக்கையை விரித்தேன். அபி கட்டிலில் சப்பாத்தோடு உட்கார்ந்து கூரையிலிருந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுதான் சத்தம் போட்டுச்சா?"

"ஆமா."

"அது தூங்காதா?"

"தூங்காது. எப்பவும் முழிச்சிருக்கும்."

அப்போதுதான் கோட்டையில் நான் மொழிபெயர்க்காமல் விட்ட பகிடி நினைவுக்கு வந்தது.

"நேத்து அந்த அக்கா ஒன்னு கேட்டாங்க, நான் உனக்குச் சொல்லல. நீ காவல் முறையில இருக்கியான்னு கேட்டாங்க."

அபி சிரிக்கவில்லை. "ஆமா" என்றாள்.

"எப்பயிலருந்து?"

"லொறி வந்த நாள்லருந்து." சப்பாத்தின் பக்கிளைத் தடவினாள். "யாரும் மாத்த வரல."

எட்டு மாதம். வந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் சொன்னது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. பிள்ளைதான் எழுப்புச்சு. பிள்ளை எழுப்பலன்னா நாங்க இல்ல. நாங்கள் பாராட்டியதாக நினைத்தோம். அவளுக்கு அது வேலையாகிவிட்டது. இதைத்தான் நான் டாக்டரிடமும் கோவிலிலும் தேடிக்கொண்டிருந்தேன்.

"இங்க அது இருக்குல்ல" என்றேன், கூரையைக் காட்டி. "அது மாத்திக்கும்."

"தொடணும்" என்றாள்.

நாற்காலியில் ஏறி அவளைத் தோளுக்கு மேல் தூக்கினேன். உள்ளங்கையால் அந்த வட்டத்தைத் தொட்டாள். இறங்கி உட்கார்ந்து, முதலில் இடது சப்பாத்தை, பிறகு வலது சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையின் ரேகை கணுக்காலில் பதிந்திருந்தது. அந்தக் கால்களை இரவில் நான் எட்டு மாதமாகப் பார்த்ததில்லை. சுகந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

மிச்சமிருந்த நாட்கள் அப்படியே போயின. அபி தினமும் அந்த வட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் படுத்தாள். நான் சந்தோஷப்பட்டேன், கூடவே கணக்குப் போட்டேன்: இன்னும் ஐந்து நாள், இன்னும் மூன்று நாள். மாத்தளை வீட்டுக் கூரையில் அப்படி ஒன்றும் கிடையாது. ஒன்று வாங்கிப் போகலாம் என்றார் பிரபா. ஆனால் அது புகையைத்தான் சொல்லும், மலையைச் சொல்லாது. பிள்ளையை ஏமாற்றுவதுபோல் எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்றேன். சொன்ன பிறகு, சரியாகத்தான் சொன்னேனா என்று விமானப் பயணம் முழுக்க யோசித்தேன்.

ஊருக்கு வந்த நான்காம் நாள் மழை பிடித்தது. ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டதும் அபி சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து, சப்பாத்தை மாட்டி, பக்கிளைப் போட்டுக்கொண்டாள். கூரையைப் பார்த்தாள். பல்லி ஒன்று இருந்தது.

மழைக்கு ஒதுங்கிய ஆயிஷா லாத்தா அவளைப் பார்த்ததும், "இந்தப் புள்ளதானே அன்னைக்கு எல்லாரையும் எழுப்பினது" என்று அன்போடு ஆரம்பித்தார்.

"அன்னைக்கு எழுப்புச்சு லாத்தா" என்றேன். "இனி அது எங்க வேல."

பயணத்துக்குப் போட்ட என் நாடாச் சப்பாத்து அலுமாரிக்கு அடியில் இருந்தது. எடுத்து, காலில் போட்டு, இரண்டு முடிச்சாகக் கட்டினேன். கதவருகே நாற்காலியைப் போட்டேன். பிறகு அபியிடம் போய், கோட்டையில் சொன்னதுபோல அவள் தோளைத் தொட்டேன்.

"என் முறை. நீ போய்ப் படு."

அவள் என் காலைப் பார்த்தாள். "நீ தூங்கிருவ."

அதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. அன்று தூங்கியது உண்மைதானே.

"எனக்குத் தூக்கம் வந்தா அப்பா தோளத் தொடுவேன்" என்றேன். உள்ளேயிருந்து அவள் அப்பா, தன் சப்பாத்து எங்கே என்று என்னிடமே கேட்டார். தம்புள்ளைச் சந்தைக்குப் போட்டுப்போகும் ரப்பர் பூட்ஸைத் தேடிப் போட்டுக்கொண்டு, தரை அதிர நடந்து வந்து, அபிக்கு முன்னால் நின்று காட்டினார். லாத்தா முக்காட்டால் வாயை மூடிச் சிரித்தார்.

அபி குனிந்து என் நாடா முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அவிழவில்லை. பிறகு தன் சப்பாத்தைக் கழற்றி, என் நாற்காலிக்குப் பக்கத்தில் சோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு அறைக்குள் போனாள்.

மழை எட்டரைக்கே விட்டுவிட்டது. விடியும்வரை நான் கழற்றவில்லை.